பெஞ்சில் காலியாக இருந்த இடம்

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அக்கா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். “ஸ்டூடியோவை விட்டுடலாம்.” சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தண்ணீர் குடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவரும் தம்பியும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

“கைதான் தேறி வருகிறதே, பிறகு ஏன்?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அவள் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார், தம்பியும் கேட்டான். “போதும்னு தோணுது” என்று இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டாள். உங்களிடம் மறைப்பானேன்? கை காரணமே இல்லை. தன் கண்ணை அவளால் இனி நம்ப முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அக்கா ஓவியர். தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது தெருவுக்கே அவள் அக்காதான். ஐந்து மாதம் முன்பு, ஒரு பெரிய படத்தின் மேல்மூலையை ஏணியில் நின்று வரைந்துகொண்டிருந்தபோது ஏணி சறுக்கியது. வலது முழங்கையும் மணிக்கட்டும் நொறுங்கின. பிரஷ் கழுவுகிற தொட்டியின் விளிம்பில் தலை மோதியது. ஒன்பது நாள் கழித்துத்தான் கண் விழித்தாள்.

விழுந்த நாளுக்கு முந்தைய ஆறு வாரம் மட்டும் அவள் தலைக்குள் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அந்த ஆறு வாரத்தில்தான் அந்தப் படத்தை ஆரம்பித்து, கிட்டத்தட்ட முடித்தும் இருக்கிறாள்.

ஆக, ஸ்டூடியோவில் நிற்பது அவள் வரைந்த படம். ஆனால் அவளுக்கு அறிமுகமே இல்லாத படம்.

இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தையல்காரம்மா சாவி வாங்க வருகிறாள். இனி அந்த இடத்தில் நான்கு தையல் மிஷின் ஓடும்.

காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டார். அவர் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப்பேர் மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது அவர் மாட்டிவிட்ட கண்ணாடிதான். ஆனால் வீட்டில் கண்ணாடி போடுகிறவர் அவர் ஒருவர் மட்டுமே. அக்காவுக்கோ, தம்பிக்கோ, விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கோ கண்ணில் ஒரு குறையும் இல்லை. “என் வியாபாரத்துக்கு வீட்டுலயே ஆதரவு கிடையாது” என்று அலுத்துக்கொள்வார்.

“பிரஷ்ஷெல்லாம் இந்தப் பெட்டியில போட்டுடவா?”

“நானே போடறேங்க. நீங்க கடைக்குப் போங்க.”

“ஒத்தைக் கையால எவ்வளவு போடுவே?”

“இன்னொரு கையும் இருக்கு. மூணு விரல் வேலை செய்யுது.”

அவர் சிரித்தார். மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளினார். ஐந்து மாதமாக அவளுக்குத் தலை வாரிவிட்டது, சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டது, ராத்திரி வலி தாங்காமல் அவள் கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டது எல்லாம் இந்த மனிதர்தான். ஸ்டூடியோவை விடலாம் என்று அவள் சொன்ன இரண்டாம் நாளே தையல்காரம்மாவைத் தேடிப் பிடித்ததும் இவர்தான். மேற்கு ஜன்னலில் வருஷக்கணக்காகத் தொங்கிய கறுப்புத் திரையைக் கழற்றி வைத்ததும் இவர்தான், அவள் அப்படிச் சொல்வதற்கும் இரண்டு நாள் முன்பே, அவள் கை பழக நல்ல வெளிச்சம் வேண்டுமே என்று.

போகும்போது படத்தின் முன் நின்றார்.

நீளமான பெஞ்ச். பஸ் நிலையத்துக் காத்திருப்புக் கூடம். இடது ஓரத்தில் தம்பி கையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். பக்கத்தில் யாரோ ஒரு கிழவர். பிறகு மகள். பிறகு ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காலி இடம், அதற்குப் பின்னால் வெறும் சுவர். பிறகு அக்காவே மடியில் பையுடன். வலது கோடியில் ஒரு மூட்டைத் தொழிலாளி, அவன் காலடியில் பழுப்புத் தரை.

“எல்லாரும் இருக்கீங்க, என்னை மட்டும் காணோம்” என்றார். பிறகு அவரே, “டிக்கெட் வாங்கப் போயிருப்பேன்” என்றார்.

ஐந்து மாதமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும் ஜோக். அக்காவும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள். இருபத்திரண்டு வருஷம் வேலை செய்த அறை. கதவு நிலையில் அடியிலிருந்து மேல்வரை விரல்நுனி அளவுக்குச் சாயப் பொட்டுகள். கலக்கிய நிறத்தை முதலில் அங்கேதான் வைத்துப் பார்ப்பாள். அந்த நிலையைப் பார்த்தே எந்த வருஷம் எந்தப் படம் என்று சொல்லிவிடுவாள், கடைசி ஒரு சாண் தவிர. அந்த ஆறு வாரத்தில் தானே வைத்த அந்தப் பொட்டுகள் யாரோ வைத்தவைபோல் இருந்தன.

கை போனதற்கு அவள் இப்படி அழவில்லை. இடது கையால் தினம் நாற்பது வட்டம் போட்டாள். முதல் மாதம் எல்லாம் உருளைக்கிழங்கு. மூன்றாம் மாதம் வட்டம் வட்டமானது. வலது கைக்கு ரப்பர் பந்து, பிரஷ் காம்பில் தடிமனாகச் சுற்றிய ஸ்பாஞ்சு. கைக்குச் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

எட்டு நாளைக்கு முன்புதான் அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். மூட்டைத் தொழிலாளியின் காலடியில், பழுப்புத் தரையில், உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் பச்சையடித்துத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பச்சைதான். மறுநாள் காலையில் ஓடிவந்து பார்த்தால் ஒன்றுமில்லை, சுத்தமான பழுப்பு. சாயங்காலம் மறுபடி பச்சை. எட்டு நாளும் இதே கதைதான்.

காலையில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “இங்க ஏதாவது வித்தியாசமாத் தெரியுதா?” என்று கேட்டாள். “இல்லையே” என்றார். கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டாள். பலகையில் கடைசி வரி வரை தட்டுத் தடங்கலில்லாமல் படித்தாள். “கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு” என்றார் அவர்.

கண்ணில் கோளாறு இல்லையென்றால், கோளாறு தலையில். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் சொல்லியிருந்தார், சில பேருக்கு இல்லாதது இருக்கிற மாதிரி தோன்றலாம் என்று. அந்த வார்த்தைதான் அவளைக் கொன்றது. எது நிறம், எது தலைக்குள் நடக்கும் கூத்து என்று தெரியாமல் எப்படிப் படம் வரைவது? சாயங்கால நேரத்தில் யாரையாவது நிறுத்திக் கேட்டிருக்கலாமே என்றால், பயம். “ஒன்றுமில்லையே” என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

மூன்றரை மணிக்கு வேனோடு தம்பி வந்தான். பெரிய படத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

தம்பிக்கு வீட்டில் டிங்கர் என்று பெயர். அடிபட்ட கார்களின் உடம்பைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். எங்கே அடிபட்டது என்று வண்டிக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது. அந்த விஷயத்தில் அவனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

உள்ளே வந்தவன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

“திரை எங்கே?”

“மாமா கழட்டிட்டார். வெளிச்சம் வரட்டும்னு.”

“எப்போ?”

“போன வாரம். ஏன்டா?”

“வெயில் பட்டா படம் வெளுத்துடும்க்கா!” என்றபடியே பழைய பெட்ஷீட் ஒன்றை உதறினான். படம் முடிகிற வரை யாரும் பார்க்கக் கூடாது என்று அக்கா மூடி வைப்பாளே, அந்த பெட்ஷீட். அதை ஜன்னல் கம்பியில் மாட்டப் பார்த்தான். ஒரு முனையைச் செருகினால் மறுமுனை அவிழ்ந்தது. முட்டுக்கொடுக்க ஸ்டூலை இழுத்தான், அது சாய்ந்தது. அவன் இப்படி வியர்த்து விறுவிறுத்து அவள் பார்த்ததில்லை.

“விடுடா, இப்போ எடுத்துட்டுப் போகப் போற படத்துக்குத் திரை எதுக்கு?”

பெட்ஷீட் கீழே விழுந்தது. மேற்கு வெயில் முழுசாக உள்ளே வந்து படத்தின் மேல் குறுக்காக விழுந்தது.

தம்பி திரும்பிப் பார்த்தான். முகங்களைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்க்கவில்லை. அவன் கண் நேரே மூட்டைத் தொழிலாளியின் காலடிக்குப் போனது. ஒரு நொடிதான். உடனே பார்வையை நகர்த்திக்கொண்டான்.

அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

“உனக்கும் தெரியுதாடா?”

“எது?”

“அந்தத் தரை. பச்சையா.”

“பச்சையா? ஒண்ணுமில்லையேக்கா.”

எட்டு நாளாக எந்தப் பதிலுக்குப் பயந்தாளோ அதே பதில். அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை.

“சரி. அப்போ முடிஞ்சுது.”

“என்ன முடிஞ்சுது?”

“என் கண்ணுடா. இல்லாததெல்லாம் தெரியுது எனக்கு. அதுக்குத்தான் விடறேன். கைக்காக இல்ல. உன் மாமாகிட்ட சொல்லிடாதே. மறுபடி ஸ்கேனு, மறுபடி மாத்திரைன்னு இழுத்துட்டுப் போவார். நான் வரைஞ்சதுல எனக்கே எது நிஜம்னு தெரியலன்னா, நான் எதுக்குடா பிரஷ்ஷைத் தொடணும்?”

அடுத்த ஒரு நிமிஷம் தம்பி பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவன் மேல் உங்களுக்குக் கோபம் குறைந்துவிடும். கொஞ்ச நேரம் கோபமாகவே இருங்கள்.

“அக்கா” என்றான். “அது இருக்குக்கா. பச்சைதான். எனக்கும் தெரியுது.”

“என்னைச் சமாதானம் பண்ணாதே.”

“சத்தியமா. அது... நான் பண்ணது.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏணி விழுந்தப்போ அதோட கால் படத்துல குத்தி, ஒரு விரல் நீளத்துக்குக் கிழிச்சுடுச்சு. நீ ஒன்பது நாள் கழிச்சுக் கண்ணு முழிச்சே. கையைப் பத்திக் கேட்கல, தலையைப் பத்திக் கேட்கல. ‘படம்?’னுதான் முதல்ல கேட்டே. நான், ‘ஒண்ணும் ஆகலக்கா’ன்னுட்டேன். சொல்லிட்டேன், அப்புறம் என்ன பண்றது? அதை உண்மையாக்கணுமே. ரெண்டு வாரம் இங்கதான் கிடந்தேன். பின்னாடி துணி ஒட்டி, முன்னாடி பட்டி வச்சு, உப்புத்தாள் போட்டு, கலரைச் சேர்த்து... நீ எப்பவும் மேற்கு ஜன்னலை மூடிட்டு வடக்கு வெளிச்சத்துலதானே பார்ப்பே? நானும் அந்த வெளிச்சத்துலயே பார்த்துக் கலந்தேன். பட்டறையில ஒரு வண்டின்னா வெயில்ல ஒரு தடவை, லைட்டுல ஒரு தடவை வச்சுப் பார்க்காம விடமாட்டேன். இங்க அந்தத் திரையைத் திறக்கணும்னு எனக்குத் தோணவே இல்லக்கா. அதை நீ திறந்து நான் பார்த்ததே இல்ல.”

“பின்னாடி ப்ளைவுட் அடிச்சிருக்கியே, ஈரம் தாக்காம இருக்கன்னு சொன்னியே?”

“ஈரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

“கழட்டு.”

அவன் பாக்கெட்டிலிருந்து திருப்புளியை எடுத்தான். எட்டு ஸ்குரூ. பலகை கீழே இறங்கியதும் கேன்வாஸின் முதுகில் பிளாஸ்திரி போட்டதுபோல் ஒரு துணித்துண்டு. அக்கா அதை இடது கையால் தடவிப் பார்த்தாள். பிறகு அதே கையால் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“எட்டு நாள்டா! எட்டு நாள் நான் பைத்தியம்னு நெனச்சுட்டிருந்தேன்!”

“அடிக்கா. நல்லா அடி.”

இன்னொன்று வைத்தாள். அடிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். கண் இருக்கிறது. தலை சரியாக இருக்கிறது. அவளுக்கு வேறென்ன வேண்டும்?

“ஆனா ஒண்ணுக்கா” என்றான் தம்பி முதுகைத் தேய்த்தபடி. “என் வேலையை இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல.”

“பெருமை வேற படறியா?”

ஐந்துக்குப் பத்து நிமிஷம் முன்பே தையல்காரம்மா வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப். வந்த வேகத்தில் ஜன்னலை அளக்க ஆரம்பித்தாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க” என்றாள் அக்கா. “இடம் கொடுக்கறதா இல்ல.”

“ஐயோ, உங்க வீட்டுக்காரர் உறுதியாச் சொன்னாரே! இன்னிக்கே வேணும்னாலும் குடி வந்துடுங்கன்னாரே. நான் மிஷினையெல்லாம் கட்டி வச்சுட்டேங்க.”

“அவர்கிட்ட நான் பேசிக்கறேன். உங்களை அலைக்கழிச்சதுக்கு மன்னிச்சிடுங்க.”

தையல்காரம்மா இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, போகிறபோது படத்தை ஒருமுறை பார்த்து, “நடுவுல ஒரு ஆளைப் போட்டிருந்தா நிறைஞ்சிருக்கும்” என்று கருத்துச் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெயில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. இப்போது அக்காவுக்குக் குஷி வந்துவிட்டது. திரும்பக் கிடைத்த கண்ணை ஆசை தீரப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் போலிருந்தது. படத்தின் பக்கவாட்டில் போய் நின்று, சாய்வாகப் பார்த்தாள்.

“இன்னொரு இடத்தையும் கண்டுபிடிச்சுட்டேன். இதையும் நீதானே பண்ணே?”

“எதை?”

“இந்தக் காலி இடம். பின்னாடி இருக்கற சுவர். இங்க மேடும் பள்ளமுமா இருக்கு பார். இப்படிச் சாய்ஞ்சு வெளிச்சம் விழுந்தாத்தான் தெரியுது.”

தம்பி கிட்டே வந்து பார்த்தான். தலையை ஆட்டினான்.

“இல்லக்கா. நான் ஒரு இடம்தான் ஒட்டினேன். இதைத் தொடவே இல்ல.”

“மறுபடியும் பொய்யா?”

“நான் பட்டி வச்சா வழவழன்னு இருக்கும். இது பிரஷ் வேலை. உன் வேலை.”

கார்க் கதவில் நசுங்கலைத் தேடும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டுவான். இப்போதும் அப்படியே செய்தான். கை பாதியில் நின்றது.

“அடியில வேற பெயிண்ட் இருக்கு. நல்லா காய்ஞ்சது. அதுக்கு மேல சுவரை அடிச்சு மூடியிருக்கே.” கண்ணைத் திறந்தான். “அக்கா, இங்க ஒரு ஆள் இருந்திருக்கான்.”

அக்கா தன் இடது கை விரல்களை வைத்தாள். ஐந்து மாதமாக வட்டம் போட்டுப் பழகிய விரல்கள். மெல்ல நகர்த்தினாள். இது தோள். இது கழுத்து. தாடை. மூக்கு. மூக்குக்கு இரண்டு பக்கமும் விரல் தானாகவே சுற்றி வந்தது. ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொரு வட்டம். நடுவில் ஒரு சின்னக் கோடு.

கண்ணாடி.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அந்தக் குடும்பத்தில் கண்ணாடி போடுகிறவர் யார் என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. முழுசாக வரைந்து, காயவிட்டு, பிறகு அழித்திருக்கிறாள். அவள் கையே அழித்திருக்கிறது. எதற்காக? அந்த ஆறு வாரத்தில் அவர் என்ன செய்தார்? இல்லை, இவள்தான் ஏதாவது செய்தாளா? தலை வாரிவிட்ட கை, பொத்தான் மாட்டிவிட்ட கை ஞாபகத்துக்கு வந்தது. இரண்டே நாளில் ஆள் பிடித்ததும் ஞாபகத்துக்கு வந்தது. எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

“அக்கா, ஒருவேளை சும்மா... படத்துக்குச் சரியா வரலன்னு அழிச்சிருப்பே.”

“இருக்கலாம்டா” என்றாள். அதை நம்ப அவள் மிகவும் ஆசைப்பட்டாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். வாசலில் நின்று, கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளினார்.

“என்ன இது, தையல்காரம்மா கோவிச்சுட்டுப் போறாங்க?” என்றார். பிறகு படத்தைப் பார்த்து வழக்கம்போல் சிரித்தார். “நான் இன்னும் டிக்கெட் வாங்கிட்டு வரலையா?”

அக்கா கையைப் படத்திலிருந்து எடுக்கவில்லை.

“நீங்க டிக்கெட் வாங்கப் போகலைங்க. இங்கேதான் உட்கார்ந்திருந்தீங்க.”

எங்கே என்று அவர் கேட்கவில்லை. என்ன உளறுகிறாய் என்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்தார். துடைத்ததை மறுபடி மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“ஞாபகம் வந்துடுச்சா?”